திமிலும் நுகத்தடியும்

ஒருவனைக் 'காளை மாதிரி இருக்கான்' என்றால் புகழ்ச்சி. 'மாடு மாதிரி உழைக்கிறான்' என்றால் இரக்கம், சமயத்தில் ஏளனமும்கூட. 'காளை மாதிரி உழைக்கிறான்' என்று சேத்தூர்ப் பக்கம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கம்பீரம் ஒரு மாட்டுக்கு, வேலை இன்னொரு மாட்டுக்கு என்று நம் பேச்சு எப்போதோ பாகம் பிரித்துவிட்டது. இரண்டும் ஒரே பசு ஈன்றவைதான். பிரித்துவைத்தது காயடிப்பு.

ஏறு, விடை, இடபம் என்பவை பெரும்பாலும் பெருமையின் பெயர்கள். எருது, பகடு என்பவை பூட்டி ஓட்டும் மாட்டின் பெயர்கள். தொல்காப்பிய மரபியல் கடலில் வாழும் சுறாவுக்குக்கூட ஏறு என்ற பட்டத்தைத் தருகிறது. காதலியை அழைத்துக்கொண்டு பாலைவழி போகிறவனுக்குச் சங்கப் பாட்டில் பெயரே காளை. வள்ளுவர் இரண்டு பக்கமும் தெரிந்தவர். தலைநிமிர்ந்த நடைக்கு ஏற்றைக் காட்டுகிறார். தடங்கலான பாதையிலும் பாரத்தை இழுத்துக்கொண்டு போகிறவனுக்குப் பகட்டைக் காட்டுகிறார். எனக்கு இரண்டாவது உவமைதான் கனமானது. மேடையில் அதிகம் எடுபடுவது என்னவோ முதலாவது.

சமயத்திலும் ஏற்றுக்குத்தான் இடம். சேத்தூரை ஒட்டிய தேவதானத்தில் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் இருக்கிறது. தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் இது ஆகாயத்துக்கு உரியது. சேத்தூர் ஜமீனோடு நெடுநாள் தொடர்புள்ளது. சிவன் கோயில் என்றால் நந்தி உண்டு. பிரதோஷம் என்றால் அதற்குத்தான் முதல் அபிஷேகம். இரு கொம்புக்கும் நடுவே சுவாமியைப் பார்ப்பவர்களும், காதில் கோரிக்கையைச் சொல்லிவிட்டு நகர்பவர்களும் உண்டு. சைவர் அந்த விடையை அறத்தின் வடிவம் என்பார்கள். அங்கிருந்து வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் கதை வேறு. ஆண்டாள் திருப்பாவையில் துயிலெழுப்பும் நப்பின்னையை மணக்கக் கண்ணன் ஏழு காளைகளை அடக்கினான் என்பது வைணவ மரபு. கலித்தொகையின் முல்லைப் பாட்டுகளில் வரும் ஏறுதழுவலும் இந்த வழக்கம்தான். ஒரு கோயிலில் ஏறு கடவுளைச் சுமக்கிறது, இன்னொன்றில் கடவுளிடம் தோற்கிறது. இரண்டிலும் அதற்குக் காயடிக்கவில்லை.

'சே' என்றாலும் பழந்தமிழில் எருதுதான். உடனே சேத்தூருக்கு மாட்டுப்பெயர் சூட்டிவிட ஆசை வரும். ஆனால் பழைய நூல்களில் ஊர்ப்பெயர் சேற்றூர். சேறு நிறைந்த நன்செய் ஊர். அந்தச் சேற்றை முழங்கால் ஆழத்தில் மிதித்துத் தொழி உழவு அடித்தவை விடைகளல்ல, எருதுகள்.

எருது எப்படி உருவாகிறது? கன்றாக இருக்கும்போதே காயடித்தால் கழுத்து பெருக்காது, திமில் ஏறாது, கால் மட்டும் நீளும். ஆண் சுரப்பு நின்றுபோனால் எலும்பு முனைகள் மூடத் தாமதமாகும். அதனால் விவரம் தெரிந்த சம்சாரி, மாடு ரெண்டு பல் போடும்வரை பொறுத்திருப்பார். முன்பு மரக்கிட்டியில் வைத்து நசுக்குவார்கள். மாடு படும் பாடு பார்க்கச் சகிக்காது. இப்போது மாட்டாஸ்பத்திரியில், தோலை அறுக்காமல் உள்ளே இருக்கும் நாளத்தை மட்டும் நெரிக்கும் இடுக்கி வந்துவிட்டது. காத்திருப்பதெல்லாம் திமிலுக்காக. நுகத்தடி உட்கார்வது திமிலுக்கு முன்னால், கழுத்தின் மேல். பாரம் இழுக்கையில் நுகம் பின்னுக்கு வந்து திமிலில்தான் முட்டி நிற்கும். ஜல்லிக்கட்டு வாடிவாசலில் பாய்கிற இளைஞன் கட்டிக்கொள்வதும் அதே திமிலைத்தான். மொகஞ்சதாரோ முத்திரைகளில் திமில் புடைத்த காளை உண்டு. ஸ்பெயின்காரர்கள் களத்தில் இறக்கும் காளைக்குத் திமில் இல்லை. தழுவ இடம் இல்லாத மாடு அது.

அரசியலுக்கு வந்தால் குழப்பம் வேடிக்கையாகிவிடுகிறது. காங்கிரசின் முதல் தேர்தல் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. நுகம் பூட்டியிருக்கிறது. எருது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் 'இரட்டை எருதுக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று கேட்ட மேடை இல்லை. 1952-இல் அந்தச் சின்னத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்ற முதலமைச்சர், ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா, சுயேச்சையிடம் தோற்றார். 1969-இல் கட்சி உடைந்தபின் அந்தச் சின்னமும் போய், இந்திரா பக்கம் பசுவும் கன்றும் ஆயிற்று. பங்குச் சந்தைக்காரர்களும் விலை ஏறினால் காளை என்கிறார்கள். அங்கேயும் எருதுக்கு வேலை இல்லை.

ஜல்லிக்கட்டுக்காக 2017-இல் ஊர் கடற்கரையில் திரண்டதும் ஏற்றுக்காகத்தான். 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடை, தமிழகச் சட்டத் திருத்தத்தால் விலகி, 2023-இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே டிராக்டர் வந்து எருதை வயலிலிருந்து இறக்கிவிட்டது. அதற்காக யாரும் கடற்கரையில் கூடவில்லை. இன்று சோடி மாடுகள் ஓடிக் காண வேண்டுமென்றால் கோயில் கொடைக்கு நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்குப் போக வேண்டும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து விடுவார்கள்.

ஏற்றுக்கும் வீட்டில் இருந்த வேலை போய்விட்டது. பசு பருவத்துக்குக் கத்தினால் பொலிகாளையைத் தேடுவார் குறைவு. சினை ஊசிக்குப் போன் போடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலுக்கு இருக்கிற கிராக்கியில் கிடாரி பிறந்தால் வீட்டில் மகிழ்ச்சி. காளைக்கன்று பிறந்தால் எத்தனை மாதம் தீனி போடுவது என்று கணக்குப் பார்க்கிறார்கள். அதன் தகப்பன் தஞ்சாவூர்ப் பக்கம் ஈச்சங்கோட்டைப் பண்ணையிலோ ஊட்டியிலோ இருக்கலாம். திரவ நைட்ரஜனில் உறைந்த குச்சியாக மட்டும் சேத்தூருக்கு வந்திருக்கும்.