விதைத்த எண்ணமும் விளைந்த எண்ணமும்

ஒருவன் உள்ளத்தில் அவன் அறியாதவாறு பிறனொருவன் ஓர் எண்ணத்தை ஊன்றிவிட்டான் எனக் கொள்வோம். அவ்வெண்ணத்தால் அவனுடைய நெடுநாள் துயரம் நீங்கி ஆறுதலும் உண்டாயிற்று எனவும் கொள்வோம். ஊன்றியவன் செய்தது அறமாகுமா? இது வீண் கற்பனை வினாப் போலத் தோன்றலாம். ஆயினும் 2010-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படம் இதனை உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் முன்னிலையில் வைத்தது. வைத்திருந்தும், பார்த்தவருள் பெரும்பாலோர் வேறொரு வினாவையே பற்றிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளிவந்தனர். அவ்வாறு நேர்ந்தது ஏன் என்பதும், விடுபட்ட வினாவுக்கு விடை யாது என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

'இன்செப்ஷன்' என்னும் அப்படத்தை எழுதி இயக்கியவர் கிறிஸ்டோபர் நோலன். அதனை ஆக்க ஏறத்தாழ 16 கோடி டாலர் செலவாயிற்று. வருவாயோ 80 கோடி டாலருக்கு மேற்பட்டது. 2011-இல் நான்கு ஆஸ்கார் பரிசுகளும் கிடைத்தன. பிறர் கனவினுள் புகுந்து அவர்தம் மறைபொருளைத் திருடும் ஒரு கூட்டத்தாரின் கதை அது. அவர்களுடைய தலைவன் காப் என்பான். மனைவியைக் கொன்றவன் என்னும் பழியைச் சுமந்து, தன் குழந்தைகள் இருவரையும் காணவியலாமல் நாடு விட்டு நாடு அலைகின்றான். சைட்டோ என்னும் பெருவணிகன் அவனுக்கு ஒரு வேலை தருகின்றான். அது திருட்டு வேலையன்று; ஊன்றும் வேலை. சைட்டோவுக்குப் போட்டியாக நிற்கும் நிறுவனத்தின் உரிமை, இறந்துபோன தந்தையிடமிருந்து பிஷர் என்னும் மகனுக்கு வருகின்றது. அந்த மகன் அந்நிறுவனத்தைத் தானே கலைத்துவிட வேண்டும். அவ்வெண்ணம் தன் உள்ளத்திலேயே தோன்றியதென அவன் நம்பவும் வேண்டும். இதனை முடித்துக் கொடுத்தால் காப் மீதுள்ள குற்றச்சாட்டு நீங்கும். அவன் தன் வீட்டை அடையலாம்.

கனவையும் நனவையும் பிரித்தறியக் காப் ஒரு சிறு பம்பரம் வைத்திருக்கின்றான். சுழற்றிவிட்ட பம்பரம் விழுமாயின் அது நனவு; விழாது சுழன்றுகொண்டே இருக்குமாயின் அது கனவு. வேலை முடிந்து வீட்டை அடைந்தவன் மேசைமேல் பம்பரத்தைச் சுழற்றுகின்றான். குழந்தைகளின் முகத்தைக் கண்டதும் பம்பரத்தை மறந்து அவர்களிடம் ஓடுகின்றான். பம்பரம் சற்றே தள்ளாடுகின்றது. அந்நொடியில் திரை இருண்டு படமும் முடிந்துவிடுகின்றது.

அவ்விருளில் அவையோர் பெருமூச்செறிந்தனர், முனகினர், சிலர் சினமுங்கொண்டனர். பின்னர் வாதம் தொடங்கிற்று. பம்பரம் விழுந்ததா, விழவில்லையா? கனவில் மட்டும் காப்பின் விரலில் திருமண மோதிரம் காணப்படுகின்றது என்று ஒரு சாரார் சுட்டினர். குழந்தைகளின் உடை முன்னிருந்த உடைதானா என்று மற்றொரு சாரார் ஆராய்ந்தனர். பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் இவ்வாதம் ஓயவில்லை. கடைசிக் காட்சியில் நடித்த மைக்கேல் கெய்ன் என்னும் முதுநடிகர், தாம் தோன்றும் காட்சியெல்லாம் நனவே என்று இயக்குநர் தமக்குச் சொன்னதாக 2018-இல் தெரிவித்தார். இயக்குநரோ 2015-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடையே பேசியபொழுது, தம் படங்களைப் பற்றித் தம்மிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே என்றார். காப் தன் மக்களோடு சேர்ந்துவிட்டமையால் அவனுக்கு அக்கேள்வியைப் பற்றிய கவலை இல்லை என்றும், மக்கள் இதனை இவ்வளவு பொருட்படுத்துவதே மெய்ம்மை பொருட்படுத்தத்தக்கது என்பதற்குச் சான்று என்றும் கூறினார்.

இவ்விரு கட்சியாரோடு மூன்றாம் கட்சியாரும் உளர். 'அவன் இன்புற்றான், அது கனவாயின் என்ன, நனவாயின் என்ன?' என்பது அவர் கூற்று. இக்கூற்றை எளிதில் தள்ளிவிடலாகாது. படத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மொம்பாசா நகரில் ஒரு நிலவறை; அங்கே நாள்தோறும் பலர் வந்து மருந்துண்டு ஒருங்கே கனவு காண்கின்றனர். அவர்கள் உறங்க வரவில்லை, விழித்தெழவே வருகின்றனர் என்றும், கனவே அவர்தம் நனவாகிவிட்டது என்றும் அவர்களைக் காக்கும் முதியவர் கூறுகின்றார். இராபர்ட் நோசிக் என்னும் அமெரிக்க மெய்யியலாரும் 1974-இல் இத்தகையதொரு வினாவை எழுப்பினார். விரும்பிய இன்பத்தையெல்லாம் மூளைக்கு ஊட்டும் பொறி ஒன்று இருக்குமாயின், அதனோடு வாழ்நாள் முழுதும் நம்மைப் பிணைத்துக்கொள்வோமா? மாட்டோம் என்பதே அவர் கருத்து. நாம் செயல்களைச் செய்ய விரும்புகின்றோமேயன்றிச் செய்ததுபோன்ற உணர்ச்சியை மட்டும் விரும்புவதில்லை என்றார்.

காப்பின் நிலைமையில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. குழந்தையிடத்து அன்பு என்பது தந்தை நெஞ்சில் எழும் இனிமை மட்டுமன்று; அக்குழந்தைக்குப் பசிக்கும்பொழுது சோறிடுவதும், அஞ்சும்பொழுது அருகிருப்பதும் அன்பே. கனவிற் கண்ட குழந்தைக்குப் பசியில்லை; ஆதலின் அதற்குத் தந்தையும் வேண்டா. அவன் காண்பது கனவாயின், மெய்யான குழந்தைகள் எங்கோ ஓரிடத்தில் இன்னும் வாயிலை நோக்கிக் காத்திருக்கின்றனர். எனவே பம்பரம் விழுந்ததா என்னும் வினா காப்பின் இன்பத்தைப் பற்றியதன்று. அவனை நம்பியிருப்போரைப் பற்றியது. மெய் எது என்று அறிய வேண்டிய கடமை, பிறர்க்கு நாம் செய்ய வேண்டிய கடமையிலிருந்தே பிறக்கின்றது. பம்பரத்தைப் பற்றி வாதிட்ட பாமர இரசிகர், 'இரண்டும் ஒன்றே' என்ற அறிஞரினும் இவ்வகையில் உண்மைக்கு அண்மையில் இருந்தனர்.

ஆயினும் அவர்கள் கேளாது விட்ட வினா ஒன்று உண்டு. பிஷரின் கதி யாது?

பிஷருடைய தந்தை இறக்குந்தறுவாயில் மகனிடம் கூறிய சொல், தாம் ஏமாற்றம் அடைந்ததாக உணர்த்திய ஒரு சொல்லே. தந்தையும் மகனும் கூடியிருந்த பழைய நிழற்படம் ஒன்றை மகன் படுக்கையருகே வைத்திருந்தான். தந்தை அதனைக் கவனித்திலர். இப்புண்ணைத்தான் காப்பின் கூட்டத்தார் தம் கருவியாக்கிக்கொள்கின்றனர். விமானத்தில் அவனுக்கு மயக்கமருந்து கொடுக்கின்றனர். அதற்கென அந்த விமான நிறுவனத்தையே சைட்டோ விலைக்கு வாங்கிவிடுகின்றான். கனவுக்குள் கனவாக அவனை இட்டுச்சென்று, ஒரு பனிக்கோட்டையின் காப்பறையில் தந்தையின் மரணப்படுக்கையைக் காட்டுகின்றனர். 'நீ என்னைப்போல் ஆக முயன்றாயே என்பதே என் வருத்தம்' என்னும் பொருள்பட அக்கனவுத் தந்தை பேசுகின்றார். பேழையுள் நிழற்படத்திற் கண்ட அதே காகிதக் காற்றாடி இருக்கின்றது. மகன் கதறி அழுகின்றான். அவையோரும் உடன் கலங்குகின்றனர். அக்கலக்கத்தில், இஃது ஒரு மோசடி என்பதே நம் நினைவிலிருந்து அகன்றுவிடுகின்றது.

பிஷருக்கு நன்மைதானே விளைந்தது என்பர் சிலர். நன்மை பயக்கும் பொய்க்கு வள்ளுவரும் இடங்கொடுத்தார் என்பர். கொடுத்தார், ஆனால் அந்நன்மை மாசற்றதாக இருத்தல் வேண்டும் என்ற வரம்பையும் உடன் வகுத்தார். இங்கே பொய்யின் பயன் முதலிற் சேர்வது போட்டி வணிகனுக்கு. அடுத்துச் சேர்வது காப்புக்கு. பிஷரின் ஆறுதல் அவ்விருவர் நலத்திற்கு ஏணியாக வைக்கப்பட்டது. மாசற்ற நன்மை என்று இதனைக் கூறவியலாது. மேலும், தந்தை தன்னை நேசித்தாரா என்னும் வினா பிஷருடையது. அதனை எதிர்கொண்டு, வருந்தி, ஒரு முடிவுக்கு வரும் உரிமையும் அவனுடையதே. பொன்னையும் பொருளையும் போலத் துயரமும் ஒருவனுக்கு உரியது. அதனை அவன் அறியாமல் எடுத்துவிட்டுப் போலி ஒன்றை வைத்துச் செல்வது திருட்டே.

'எல்லா எண்ணமும் பிறரிடமிருந்துதானே வருகின்றது? தாய் ஊட்டுகின்றாள், ஆசிரியர் புகட்டுகின்றார், நூல்கள் கற்பிக்கின்றன. இவற்றிற்கும் அதற்கும் வேற்றுமை என்னை?' என்று ஒருவர் வினவலாம். இது வன்மையான தடையே. ஒருவன் முன்னோர் வழியை விட்டு வேறொரு வழியை மேற்கொள்ளும்பொழுது, 'இவன் மாறினானா, மாற்றப்பட்டானா?' என்று உலகம் கேட்பதும் இதுபற்றியே. விடை அப்படத்திலேயே கிடைக்கின்றது. ஓர் எண்ணத்தின் தோற்றுவாய் இதுவென ஒருவன் அறிந்துகொண்டால், அதனைத் தன்னுடையதாக ஏற்கமாட்டான் என்று கூட்டத்தாரே கூறுகின்றனர். ஆகவேதான் அவ்வளவு பாடுபட்டுத் தோற்றுவாயை மறைக்கின்றனர். ஆசிரியர் தம் முகத்தை மறைப்பதில்லை. அவரை வினவலாம், மறுக்கலாம், பத்தாண்டு கழித்து மீண்டுவந்து 'நீர் கற்பித்தது பொருந்தவில்லை' எனவும் கூறலாம். அவ்வாறு வினவியும் மறுத்தும் இறுதியில் ஏற்ற எண்ணம், விதை பிறருடையதாயினும் விளைவு தன்னுடையதே. பிஷருக்கு அந்த வழி அடைக்கப்பட்டது. வந்தவர் எவரென அறியாதவன் எவரிடம் சென்று வினவுவான்?

நல்லெண்ணம் இக்குறையை நீக்குமா? நீக்காது என்பதற்குக் காப்பின் மனைவி மால் சான்றாகின்றாள். இருவரும் கனவின் ஆழத்தில் ஐம்பதாண்டளவு வாழ்ந்தனர். அவளோ கனவையே நனவென நம்பி மீள மறுத்தாள். அவளை மீட்கவே, 'இவ்வுலகம் மெய்யன்று' என்னும் எண்ணத்தை அவள் அறியாமல் காப் ஊன்றினான். அவள் மீண்டாள்; எண்ணமும் உடன் மீண்டது. மெய்யான உலகத்தையும் பொய்யென்றே கருதி, விழித்தெழும் ஆசையால் உயரத்திலிருந்து குதித்து மாண்டாள். காப் அவள்பால் கொண்டது அன்பே. அவளுக்குச் சொன்னதும் அவ்விடத்திற்கு உண்மையே. எனினும் ஆராய்ந்து ஏலாத எண்ணமாதலின், அதற்கு எல்லை எது என்று அவளுக்குத் தெரியாது போயிற்று. எதனால் நம்பினோம் என்று அறிந்தவனே, எப்பொழுது நம்புவதை நிறுத்த வேண்டும் என்பதையும் அறிவான். இதனைக் கண்ணாரக் கண்டவன் அதே செயலைப் பிஷரிடத்தும் செய்யத் துணிந்தான் என்பதே இக்கதையின் பெருங்கொடுமை.

இத்தகைய கொடுமையை அவையோர் காணாது விட்டது ஏன்? கதை முழுவதையும் காப்பின் கண்கொண்டே நாம் பார்க்கின்றோம். வீடு திரும்பத் தவிக்கும் தந்தை என்று அவனை முதலில் நம் நெஞ்சில் அமர்த்திவிடுவதால், அவன் வெற்றி நம் வெற்றியாகின்றது. அதற்கு இரையானவன் நம் பார்வையினின்று விலகுகின்றான். நமக்கும் ஓர் எண்ணம் ஊன்றப்பட்டது என்றே கூறலாம். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நாம் சீட்டு வாங்கிக்கொண்டு, கதையென்று அறிந்தே உள்ளே சென்றோம். வெளியே வந்து அதனைப் பற்றி வாதிடுகின்றோம். பிஷருக்குக் கிட்டாத உரிமை அதுவே.

இன்று மருந்தும் கனவும் இன்றியே இவ்வேலை நடைபெறுகின்றது. கைப்பேசித் திரையில் எதனை நாம் காண வேண்டும், எதனைக் காணலாகாது என்று நம் விருப்பு வெறுப்புக்களைக் கணக்கிட்டுப் பிறர் தெரிந்தெடுத்து அனுப்புகின்றனர்; அவ்வாறு வந்த சினமும் அச்சமும் நம்முள்ளேயே பிறந்தனவென்று நாம் கருதுகின்றோம். இனியதோர் எண்ணம் நம் உள்ளத்தில் எழும்பொழுது, இஃது எங்கிருந்து வந்தது என்றும், இதனைத் தந்தவரை எதிர்நின்று வினவ நமக்கு இடம் உண்டா என்றும் நாம் கேட்டுக்கொள்ளல் வேண்டும். இடமில்லையாயின், அவ்வெண்ணம் எத்துணை இனிதாயினும் உடனே அதற்கு இசையாது, சிலகாலம் வாயிலிலேயே நிறுத்தி வைத்தல் நன்று. பிறர்க்கு நாம் ஒன்றைக் கூறும்பொழுதும் நம் முகத்தை மறையாமல், அவர் மறுப்பதற்கு இடமளித்தே கூறுதல் வேண்டும்.