வேம்பும் அகிம்சையும்

அரிசிப் பானையில் வேப்பிலை போடும்போது அம்மா, ‘கொல்லலை, விரட்டுறேன்’ என்பாள். அவரைக்கொடிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கையில் நானும் அந்த நினைப்பில்தான் இருந்தேன். நினைப்பு தவறு. கொட்டையிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தின்னவிடாது, தோலுரிக்கவும் விடாது. பழைய தோலுக்குள்ளேயே அது நாள்கணக்கில் சாகும். டி.டி.டி. நரம்பைத் தாக்கிச் சீக்கிரம் முடித்துவிடும். புழுவைப் பொறுத்தமட்டில் எது கருணை? மண்ணுக்கும் பறவைக்கும் வேம்பு மேல், சந்தேகமில்லை. ஆனால் அது வேறு கணக்கு. அகிம்சைப் பேரேட்டில் அதை வரவு வைக்க முடியாது.

பூச்சிக்கு வழிவிட்டு நடந்த சமணரிடம் காப்பதற்கு அரிசிப் பானை இல்லை. பிச்சையிட்டவன் வீட்டில் இருந்தது. அழகர்மலைக் குகையில், சுமார் 2000 ஆண்டுக்கு முந்திய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில், தானம் தந்தவர்களில் உப்பு வணிகனோடு கொழு வணிகனும் இருக்கிறான். கொழு மண்ணுக்குள் எத்தனை புழுவை அறுக்கும் என்று அந்தத் துறவிகளுக்குத் தெரியாதா என்ன?