நினைவும் வாய்மையும்



இளமையில் தாய் தந்தையரோடு கூடிக் களித்த நாள்களைப் பிற்காலத்தில் நினைத்துப் பார்ப்பது நன்றா, தீதா? இவ்வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் ஐம்பது வயதைக் கடந்தவர் எவரும் இதனின்று தப்ப இயலாது. பற்றை அறுக்கச் சொன்ன அறத்தில் நிற்கும் நாம் பழைய இன்பத்தை மீண்டும் மீண்டும் எடுத்துச் சுவைப்பது பற்றேயல்லவா என்பர் ஒரு சாரார். பெற்றோரை நினையாத நெஞ்சும் ஒரு நெஞ்சாகுமோ என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரு கேள்வியைக் கேளாது விடுகின்றனர். நாம் நினைப்பது மெய்யாகவே நடந்ததுதானா? நான் இதனைக் கேட்கத் தொடங்கியது நூல்களைக் கற்றதனால் அன்று. என் சொந்தக் குற்றத்தினால். அதனையே இங்கு எழுதத் துணிகின்றேன்.

என் தந்தையார் பெங்களூரில் ஒரு துணி ஆலையில் தறியில் நின்றவர். பின்னாளில் நானும் அவ்வேலைக்கே சென்றேன். எங்கள் குடியிருப்பில் வெளிநாடு சென்று வந்த குடும்பம் ஒன்றுகூட இருந்ததில்லை. பகவான் பிறந்த இடம், மெய்யறிவு பெற்ற இடம், முதலில் அறம் உரைத்த இடம், பரிநிர்வாணமடைந்த இடம் ஆகிய நான்கும் நம்பிக்கையுடையோர் காணத்தக்கவை என்று சங்கக் கூட்டமொன்றில் தந்தையார் கேட்டார். அவற்றுள் மூன்று நம் நாட்டில் உள்ளன. பிறந்த இடமாகிய லும்பினி மட்டும் நேபாளத்தில் உள்ளது. முதலில் பிறந்த இடத்தையே காண்பது என்று அவர் முடிவு செய்தார். 1979ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் புறப்பட்டோம். எனக்கு அப்போது வயது பதினொன்று.

புறப்பட்டோம் என்று எழுதினேன். எல்லோரும் புறப்படவில்லை. தந்தையார் இரண்டாண்டுகளாகச் சேர்த்த பணமும், அம்மா கட்டிவந்த சீட்டும், ஆலைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனும் சேர்ந்து மூவர் செலவுக்கே போதுமானவையாயிருந்தன. வீட்டிலோ தாத்தா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அக்காவுக்குப் பதினாறு வயது. “நீ பெரியவள், அடுத்த முறை உன்னை அழைத்துப் போகிறோம்” என்று அம்மா சொன்னாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் எங்களுக்குப் புளிச்சோறு கட்டித் தந்தாள். அந்த அடுத்த முறை வரவேயில்லை. இரண்டாண்டில் தாத்தா மறைந்தார். பின்பு அக்காவின் திருமணம் வந்தது. அந்தக் கடன் தீருமுன் தந்தையார் ஓய்வு பெற்றார்.

வண்டிகள் பல மாறிக் கோரக்பூர் சென்று, அங்கிருந்து சிறு ரயிலில் நௌதன்வாவை அடைந்து, எல்லையைக் கடந்தோம். 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அந்த எல்லை நம் மக்களுக்குத் திறந்தே இருப்பது; கடவுச்சீட்டு வேண்டுவதில்லை. எனக்கோ பெரும் ஏமாற்றம். வெளிநாடு என்றால் வேறு நிறத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பள்ளி நிலப்படத்தில் அப்படித்தானே இருந்தது! இப்பாலிருந்த புழுதியே அப்பாலும் இருந்தது. இப்பாலிருந்த எருமைகளைப் போன்றவையே அப்பாலும் நின்றன. நூறு ரூபாய் கொடுத்தால் அதைவிட மிகுதியான நேபாள ரூபாய் கிடைத்தது ஒன்றே எனக்கு மகிழ்ச்சி தந்தது.

லும்பினி பரந்த சமவெளி. கொடும் வெயில். அசோகரது தூணும், வெள்ளையடித்த சிறிய மாயாதேவி கோயிலும், ஒரு குளமும் இருந்தன. தந்தையார் தூணருகே நெடுநேரம் நின்றார். அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் அவரைப் பார்க்கவில்லை. வடதிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேபாளம் என்றால் பனிமலை என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். ஆனால் வடக்கே வெண்புகை போன்ற வெயில் மூட்டமன்றி வேறொன்றும் தெரியவில்லை.

பள்ளி திறந்த முதல் நாள், “பனிமலையைப் பார்த்தாயா?” என்று பிள்ளைகள் கேட்டனர். பார்த்தேன் என்றேன். அன்று மாலை அக்காவும் கேட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன். ஆண்டுகள் செல்லச் செல்ல அம்மலை வளர்ந்தது. அதன்மேல் காலை வெயில் பட்டுப் பொன்னாயிற்று. தந்தையார் என்னைத் தோளில் தூக்கி அதனைக் காட்டினார் என்பதும் சேர்ந்தது. பதினொரு வயதுப் பையனைத் தோளில் ஏற்றும் வலிமை, தறியில் நின்று தேய்ந்த அவ்வுடலுக்கு ஏது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. முப்பது வயதில் நானே அதனை முழுவதும் நம்பினேன். ஆலையை விட்டு அறம் உரைக்கத் தொடங்கிய பின், பல மேடைகளில், “பகவான் பிறந்த மண்ணில் நின்று இமயத்தைக் கண்டவன் நான்” என்று பேசியுமிருக்கிறேன். நல்வாய்மையைப் பற்றிய பேச்சிலும் அம்மலை வந்ததுண்டு.

தறியில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். ஊடை இழை அறுந்தால் தறி நிற்கவேண்டும். நிற்காமல் ஓடினால் பழுது துணியோடு துணியாகச் சுருளில் மறைந்துவிடும். துணி சோதிக்கும் இடத்தில் வெளிச்சத்தின்மேல் விரிக்கும்போதுதான் அது தெரியும்.

என் துணி 2012ஆம் ஆண்டில் விரிக்கப்பட்டது. உபாசகர் சிலரை அழைத்துக்கொண்டு மீண்டும் லும்பினி சென்றேன். இவ்விடத்தை 1997இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. நான் சிறுவனாகக் கண்ட சிறு கோயில் அங்கு இல்லை. 1990களில் அகழ்வாய்வுக்காக அதனைக் கலைத்துவிட்டு, 2003இல் பழைய செங்கல் அடித்தளங்களின்மேல் புதிய கட்டடம் எழுப்பியிருந்தனர். உடன் வந்தோர், “நீங்கள் கண்ட மலை எங்கே?” என்று கேட்டனர். அவ்வூர் உழவர் ஒருவரைக் கேட்டேன். “எந்த மாதம் வந்தீர்கள்?” என்றார். கோடையில் என்றேன். அவர் சிரித்தார். கோடை மூட்டத்தில் பக்கத்துக் குன்றுகளே தெரியா, பனிமலை எங்கே தெரியும் என்றார். அப்பொழுதே அந்த வெண்மூட்டம் என் கண்முன் வந்து நின்றது. உடன் வந்தவர்களிடம் பேச்சை மாற்றிவிட்டேன். அதன்பின்னும் பல ஆண்டுகள் மௌனமாயிருந்தேன்.

சென்ற ஆண்டு அக்காவின் வீட்டில் அவள் பேரப்பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, “தாத்தா, பனிமலைக் கதை சொல்லுங்கள்” என்றனர். என் பொய்யை அக்கா இரண்டு தலைமுறைக்கும் மெய்யாகச் சொல்லி வளர்த்திருக்கிறாள்! அன்றிரவு அவளிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்றோ, போகட்டும் என்பாள் என்றோ எதிர்பார்த்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. சற்று நேரம் இருந்துவிட்டு, “மலை இல்லாவிட்டால் இல்லை, தம்பி. அந்த வெயிலில் அம்மா எங்கே உட்கார்ந்திருந்தாள்? என்ன சாப்பிட்டாள்? அதை நீ ஒரு நாளும் சொன்னதில்லையே” என்றாள்.

என்னால் விடை சொல்ல முடியவில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவள் கேட்க விரும்பியது அதுவொன்றே. நான் சொல்லிக்கொண்டிருந்ததோ என்னைப் பற்றியது. அம்மா உட்கார்ந்த இடத்தைப் போய்ப் பார்த்து வரலாம் என்றால் அக்கோயிலே இன்றில்லை. பெற்றோர் இருவரும் இல்லை. அவ்விடம் எங்கேனும் இருக்குமாயின் என் நினைவு ஒன்றில்தான் இருக்கவேண்டும். அதனை நான் மலையால் மூடி வைத்திருந்தேன்.

அதன்பின் பல நாள்கள் விடியலில் அமர்ந்து, ஒன்றும் சேர்க்காமல், வருவதை மட்டும் பார்த்தேன். சிறிது சிறிதாக வந்தது. அம்மா கோயிற்படியின் நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்தாள். குழாயில் தண்ணீர் அடித்து எனக்குக் கொடுத்துவிட்டுப் பின்பு தான் குடித்தாள். மீளும்போது பைரவா கடைத்தெருவில் தந்தையாரும் நானும் தேநீர் அருந்தினோம். அம்மா வேண்டாம் என்று சொல்லி அக்காசில் அக்காவுக்குக் கண்ணாடி வளையல் வாங்கினாள். எனக்குப் பம்பரம் வாங்கித் தரவில்லை என்று நான் அழுதேன். இவற்றை அக்காவிடம் சொன்னேன். “பச்சை வளையல்தானே? அவை எப்போதோ உடைந்துவிட்டன. அம்மா தேநீர் குடிக்காமல் வாங்கினாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்” என்றாள்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கடந்ததன் பின்னே ஓடாதிருக்குமாறு பகவான் போதித்தார் என்பது மெய். ஆயின் பின்னே ஓடுதல் என்பது இன்னதென்றும் அவர் விளக்கினார். முற்காலத்தில் நான் இத்தகைய உருவுடையவனாயிருந்தேன், இத்தகைய உணர்ச்சியுடையவனாயிருந்தேன் என்று அதில் களிப்புக் கொள்வதே அது. என் பனிமலை அத்தகையது. அதில் ‘நான்’ என்பது மட்டுமே நின்றது. அவ்வாறன்றி நடந்ததை நடந்தவாறு உள்ளத்தில் வைத்தலை அவர் விலக்கவில்லை. அதனை மார்க்கத்தின் ஓர் அங்கமாகவே வைத்தார். பாலியில் ‘ஸதி’ என்னும் சொல்லுக்கு நினைவு என்பதே மூலப்பொருள். அவ்வங்கத்தைத் தமிழ்ப் பௌத்தர் நற்கடைப்பிடி என்பர்; கடைப்பிடி என்பதற்கு மறவாமை என்றும் பொருளுண்டு. ஆகவே பற்று வேறு, மறவாமை வேறு. பற்று இனியதை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விலை கொடுத்தவரை விட்டுவிடும். மறவாமை இரண்டையும் வைத்திருக்கும். முன்னின்று உதவுவோரும் செய்ந்நன்றி அறிந்து நடப்போரும் உலகில் அரியவர் என்று பகவான் சொன்னதை நாம் அறிவோம். யார் உதவினார் என்பதையே மறந்தவன் நன்றியை எவ்வாறு அறிவான்?

அசோகரது தூணை நினைத்துப் பாருங்கள். 1896ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அதன் கல்வெட்டு மிகச் சிறியது. பட்டமேற்று இருபது ஆண்டானபின் மன்னர் தாமே வந்து வணங்கினார் என்கிறது. புத்தர் இங்குப் பிறந்தார் என்கிறது. அத்தோடு நில்லாமல், லும்பினி ஊரின் வரி நீக்கப்பட்டு, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கே கொள்ளப்படும் என்கிறது. பேரரசர் ஒருவரின் பயணக் குறிப்பு இவ்வளவே. வழியில் கண்ட காட்சியில்லை, தம் பெருமையின் விரிவில்லை. நான் வந்தேன் என்பது பாதி. என் வரவால் இவ்வூர் உழவர்க்கு இது ஆயிற்று என்பது மீதி. என் நினைவில் அந்த மீதி இல்லாது போயிற்று.

இந்நாளில் நம் குடும்பங்களும் பிள்ளைகளுடன் லும்பினிக்கும் இலங்கைக்கும் தாய்லாந்துக்கும் செல்கின்றன. அது மகிழத்தக்கதே, நம் பாட்டன்மார்க்கு அது வாய்க்கவில்லை. கைபேசியில் நூற்றுக்கணக்கான படங்களும் எடுக்கின்றனர். பெற்றோர்க்கு ஒன்று சொல்வேன். திரும்பியபின் பிள்ளையிடம், என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளாதீர்கள். அக்கேள்வியே என்னைப் பொய்யனாக்கியது. யார் உனக்காகக் காத்திருந்தார், யார் தம் பங்கை உனக்குக் கொடுத்தார், வீட்டில் யார் இருந்ததால் நாம் போக முடிந்தது என்றும் கேளுங்கள். எதிர்பார்த்தது ஒன்று தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்று சொல்லும் துணிவையும் கொடுங்கள். மூட்டத்தைக் கண்டேன் என்பதும் கண்டதே.

மேடைகளில் என் மலையைக் கேட்ட அன்பர்கள் இவ்வேட்டைப் படிப்பவர்களுள்ளும் இருக்கலாம். அவர்களுக்கும் இதுவே என் விண்ணப்பம்: நான் பனிமலையைக் காணவில்லை. என் தாய் ஒரு படியின் நிழலில் அமர்ந்திருந்ததைக் கண்டேன்.