கேட்கப்படாத மறுப்பு

ஒருவனை வேலையினின்று நீக்குவதற்கும், அந்நீக்கத்தை அவனுக்கு அறிவிக்கும் முறைக்கும் இடையே ஒழுக்கவியல் அடிப்படையில் வேறுபாடு உண்டா? நீக்கம் தவிர்க்கமுடியாததெனின், அறிவிக்கும் முறை வெறும் மரியாதைப் பிரச்சினையே என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தைச் சோதிப்பதற்கு, பிரித்தானியாவில் 2022 மார்ச் 17ஆம் திகதி நிகழ்ந்த சம்பவமொன்று உதவுகின்றது.

அன்று பி அன்ட் ஓ பெரீஸ் என்னும் பயணிகள் கப்பற் கம்பனி, 786 கடலோடிகளை முன்னறிவித்தலின்றி நீக்கியது. கப்பல்கள் துறைமுகங்களில் நிறுத்தப்பட்டன. முன்னரே பதிவு செய்யப்பட்டிருந்த, சில நிமிடங்களே நீடித்த ஒளிப்பதிவொன்றின் வாயிலாகச் செய்தி தெரிவிக்கப்பட்டது. ஒளிப்பதிவு பேசும், வினாவினால் விடை கூறாது. ஹல் துறைமுகத்தில் மாலுமிகள் சிலர் ஏறுபாலத்தை உயர்த்திவிட்டுக் கப்பலிலேயே தங்கியமை வியப்பன்று.

இத்தொகையினரை நீக்குமுன் தொழிற்சங்கங்களுடன் கலந்தாலோசிக்க வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம்; அதற்குரிய காலம் குறைந்தது 45 நாட்கள். மார்ச் 24இல் பாராளுமன்றக் குழுக்களின் முன் தோன்றிய பிரதம நிறைவேற்று அதிகாரி, அக்கடமை இருந்ததை மறுக்கவில்லை. எந்தச் சங்கமும் தமது திட்டத்தை ஏற்காது என்பதனாலேயே ஆலோசிக்கவில்லை என்றார். மீண்டும் அதே முடிவையே எடுப்பாராம்! (புதிய ஊழியருக்கு மணிக்குச் சராசரி 5.50 பவுண் என்பதும் அன்றே வெளிவந்தது.) குற்றவியல் வழக்குத் தொடரப்படமாட்டாது என ஓகஸ்டில் அறிவிக்கப்பட்டது.

அவரது விளக்கமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. மறுப்பர் என்பது தெரிந்தமையாலேயே அவர்களைக் கேட்கவில்லை. 1785இல் வெளிவந்த தமது ஒழுக்கவியல் நூலில் இம்மானுவேல் காண்ட், பொய்வாக்குறுதி அளித்துக் கடன் பெறுபவனை எடுத்துக்காட்டுவார். உண்மையை அறிந்தால் கடன் கொடுப்பவன் உடன்படான்; ஆகவே அவன் வெறுங் கருவியாக்கப்படுகின்றான். கம்பனித் தலைவர் கடன்காரனைப்போலப் பொய்வாக்குறுதி அளித்தாரல்லர். ஆயினும், மற்றவனது மறுப்பைக் காரணமாகக் கொள்ளாது தடையாக மட்டும் கணித்து, அதனைச் சுற்றிச்செல்லும் போக்கு இரண்டிலும் ஒன்றே.

ஆண்டுக்குப் பத்துக்கோடி பவுண் நட்டம் எனக் கம்பனி கூறியது. நீக்கப்பட்டோருக்கென 3 கோடி 65 இலட்சம் பவுணை ஒதுக்கியது. தொகை சிறிதன்று. ஆனால் அதனைப் பெறுவோர் வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிடவேண்டியிருந்தது. வாய்திறக்கவிடாது விலக்கியபின், இனியும் வாய்திறவாமைக்குக் கொடுக்கும் பணம் நட்டஈடாகுமா?

ஆலோசித்திருந்தாலும் முடிவு மாறியிராது என்பர். அதனை முன்கூட்டியே தீர்மானிக்கும் உரிமை ஒரு தரப்புக்கு மட்டும் எங்ஙனம் கிடைத்தது? 45 நாட்களில், சம்பளக் குறைப்பையோ படிப்படியான ஓய்வையோ மாலுமிகளே முன்மொழிந்திருக்கவுங்கூடும்.