பொருந்தும் துளைகள்

அமெரிக்கப் பட்டறைகளில், 1970-களின் செவ்ரலே பிக்கப்புக்குள் 1980-களின் கடைசியில் வந்த இன்னொரு பிக்கப்பின் 350 வி8 எஞ்சினை இறக்குகிறார்கள். 1955-இல் தொடங்கிய அந்த எஞ்சின் குடும்பத்தில் கியர்பாக்ஸோடு சேரும் போல்ட் துளைகள் பல பத்தாண்டுகளாக இடம் மாறவில்லை. பிந்தைய தலைமுறையின் கைகளையும் நினைத்து வரைந்த பொறியாளர்களை மனதார மதிக்கிறேன். கைவிடப்பட்ட வண்டி மறுபடி சுமை ஏற்றுவது சின்ன விஷயமா என்ன?

ஆனால் 1986-இல் கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டானது. கூடவே ஃப்ளைவீலின் போல்ட் வட்டமும் எடைச் சமநிலையும் மாறின. பழைய ஃப்ளைவீல் புது எஞ்சினில் ஏறாது. எஞ்சினைத் தூக்கும்போதே அதற்குரிய ஃப்ளைவீலையும் சேர்த்துக் கழற்றி வந்துவிட வேண்டும்.