அலங்காரமா, மறைப்பா?

கோலாலம்பூரில் ஓர் ஆடை அலங்காரக் காட்சி. மேடைக்குப் பின்னால் மேக்கப் போடும் வேலை எனக்கு. நம் தமிழ்ப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நல்ல கறுப்பு. "அக்கா, ரெண்டு ஷேடு வெள்ளையா போடுங்களேன்" என்றாள். ஏற்பாட்டாளரும் அதையே சொல்லியிருந்தார்.

கேட்டதைச் செய்வதுதானே தொழில் தர்மம்? கை தயங்கியது.

மேக்கப் பொய் என்று நான் நினைக்கவில்லை. பலமான மேடை வெளிச்சத்தில் முகம் தட்டையாகத் தெரியும். மூக்கையும் கன்னத்தையும் எடுத்துக்காட்டத்தான் வண்ணம். கோயிலில் கருங்கல் மூர்த்திக்குப் பூவும் பட்டும் சாத்துகிறோம். கல் கறுப்பாக இருக்கிறதே என்று யாரும் குறைப்படுவதில்லை. கிருஷ்ணன் என்ற பெயருக்கே கரியவன் என்றுதான் பொருள். இருப்பதைத் துலக்கினால் அலங்காரம். இருப்பதைக் குற்றமாக்கினால் மறைப்பு.

நிறம் கிடைக்கவில்லை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. 2017-இல் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளோடு வந்த பிறகு மற்ற நிறுவனங்களும் கருநிறங்களைக் கூட்டின.

"முதல்ல உன் நிறத்திலேயே போடுறேன். பிடிக்கலேன்னா மாத்திடலாம்" என்றேன். முடித்ததும் கண்ணாடியை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். மாற்றச் சொல்லவில்லை.

அந்த ஏற்பாட்டாளர் மறுபடி என்னைக் கூப்பிடவில்லை. வருமானம் போனது உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அவளுடைய ஆசையா, நாம் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி ஏற்றியதா? வீட்டில் தங்கையை "கறுப்பி" என்று கேலி செய்யும் நாம்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.