உருகுவதும் ஒளிர்வதும்

ஆண்டுதோறும் மே 16ஆம் நாள் மலேசியப் பள்ளிகளில் ஆசிரியர் தினம் கொண்டாடப்படுகின்றது. அன்று தமிழ்ப்பள்ளி மேடைகளில் தவறாது ஒலிக்கும் உவமை ஒன்று உண்டு. ஆசிரியர் மெழுகுவர்த்தி போன்றவர்; தம்மையே உருக்கிப் பிறர்க்கு ஒளி தருபவர் என்பதே அது. மாணவரின் பேச்சிலும், ஓய்வு பெறுவோர்க்கு அளிக்கும் வாழ்த்து மடலிலும் அது இடம்பெறும்; கைதட்டலும் பெறும். ஆயின், இவ்வுவமை பொருந்துமா என்று எவரும் மெழுகுவர்த்தியை உற்று நோக்கியதாகத் தெரியவில்லை.

நோக்குவதற்கு ஏற்ற ஊர்களுள் ஒன்று மாசாய். ஜொகூர் பாருவிற்குக் கிழக்கே, பாசிர் கூடாங் செல்லும் வழியில் அமைந்த இவ்வூரைச் சூழ்ந்து முன்னர்ப் பால்மரமும் செம்பனையும் செழித்த தோட்டங்கள் இருந்தன. 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம் செயற்படத் தொடங்கியபின் தொழிற்சாலைகள் பெருகின. தோட்டங்கள் பல குடியிருப்புகளாயின. செம்பனை எண்ணெய் ஆலைகளும் அவ்வட்டாரத்தில் எழுந்தன. அவ்வெண்ணெயின் கெட்டிப் பகுதியாகிய ஸ்டியரின் மெழுகுவர்த்தி வார்ப்பதற்கும் உதவுவது. லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கின்முன் எழுத்துக் கூட்டிய பாட்டியும், வரிசை வீட்டில் மின்விளக்கின்கீழ்ப் பாடம் எழுதும் பேரனும் இன்று ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். மின்சாரம் நின்றால் இருவரும் ஒரே மெழுகுவர்த்தியைத்தான் தேடுவர். 1996 ஆகஸ்ட் 3 அன்று தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதி இருளில் மூழ்கியபோது, நாட்டின் செல்வச் செழிப்பு அனைத்தும் சில மணி நேரம் ஒரு திரியை நம்பியிருந்தது.

அத்திரியின் நுனியில் நிகழ்வது யாது? சுடரின் வெம்மை மெழுகை உருக்குகின்றது. உருகிய மெழுகு, துணியில் நீர் ஊறுவதுபோல், திரியின் வழியே மேலேறுகின்றது, நுனியில் ஆவியாகின்றது, அவ்வாவியே எரிந்து ஒளி தருகின்றது. ஆகவே, உருகுதல் ஒளியன்று, ஒளிக்குரிய முன்வேலை. விளிம்பு உடைந்து பக்கவாட்டில் வழியும் மெழுகும் உருகியதுதான். ஆயினும் அது ஒரு நூல் அளவும் ஒளி தந்ததில்லை. மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1848இலும் பின்னர் 1860இலும் லண்டனில் இளையோர்க்கு மெழுகுவர்த்தியைப் பற்றியே தொடர் விரிவுரைகள் நிகழ்த்தினார். சுடரைச் சுற்றி மேலெழும் காற்று விளிம்பைக் குளிர்வித்து, உருகிய மெழுகு தங்குதற்கு ஒரு கிண்ணத்தை அமைக்கின்றது என அவர் விளக்கினார். பகட்டான வரி வேலைப்பாடு கொண்ட மெழுகுவர்த்திகளில் அக்கிண்ணம் சரிவர அமையாது வழிந்தோடுவதையும் எடுத்துக் காட்டினார். பார்வைக்கு அழகு, பயனோ குறைவு.

இனி, உவமைக்குத் திரும்பலாம். உறக்கமும் உடல்நலமும் இழந்து, வீட்டையும் மறந்து உழைத்த ஆசிரியரை ஊர் போற்றுகின்றது. எதைக் கொண்டு போற்றுகின்றது? அவர் இழந்ததன் அளவைக் கொண்டு. மாணவன் எவ்வளவு தெளிந்தான் என்பதைவிட, ஆசிரியர் எவ்வளவு தேய்ந்தார் என்பதே பெருமைக்கு அளவுகோலாகிவிடுகின்றது. மேசைமேல் குவிந்த மெழுகைக் கண்டு விளக்கைப் புகழ்வதற்கு இது நிகராகும். மெழுகுவர்த்தி ஒருபுறமாய்ச் சரிந்து உருகுவது பெரும்பாலும் அதன் குற்றமன்று. திறந்த சன்னலோ, சுழலும் விசிறியோ சுடரை ஒருபக்கம் சாய்க்கின்றது. உருகுதலைப் போற்றுவோர் பலர் எழுந்து சென்று அச்சன்னலைச் சாத்துவதில்லை.

பேணும் முறை ஒன்று உண்டு. தமிழர்க்கு அது புதிதன்று. அகல் விளக்கில் திரி எரிந்து உள்வாங்கும்; அதனை முன்னே தள்ளுதற்குத் தூண்டுகோல் வேண்டும். ஊக்குவித்தலைத் தூண்டுதல் என்று சொல்லும் மொழி விளக்கடியில் அமர்ந்திருந்த மொழியே. மெழுகுவர்த்திக்கோ வேண்டுவது நேர்மாறானது. அதன் திரி நீண்டால் சுடர் கொழுந்துவிட்டுப் புகையும், கரி படியும். ஏற்றுமுன் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் விட்டுக் கத்தரித்தல் நன்று. பழங்காலத் திரியை இடையிடையே வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1825 அளவில் பிரான்சில் பின்னல் திரி தோன்றிய பின்னரே, நுனி தானே வளைந்து சுடரின் ஓரத்தில் சாம்பலாகும் நிலை வந்தது. பருத்த மெழுகுவர்த்தியை முதன்முறை ஏற்றும்போது, உருகிய மெழுகு விளிம்புவரை பரவும்வரை எரியவிட வேண்டும். சற்று எரிந்ததும் அணைத்துவிட்டால் நடுவே குழி விழும். அடுத்த முறையும் அக்குழிக்குள்ளேயே சுடர் இறங்கும். சுற்றிலும் மெழுகு வீணாய் நிற்கும். பணியில் புதிதாய்ச் சேர்ந்தவரை ஒரு வேலையில் நிலைக்கவிடாது நாளுக்கொன்றாய் மாற்றி ஏவும் தலைமைகள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கணக்குப் பார்த்துக் கொடுப்பது கொடையாகுமா என்று சிலர் வினவக்கூடும். நேரிய வினாவே. தோட்டப் பள்ளிகள் பலவற்றில் ஒரே ஆசிரியர், ஒரே கூரையின்கீழ், பல வகுப்புகளை ஒருங்கே நடத்தினார். அவர் தம்மைக் காத்துக்கொண்டு அளவாய்ப் பணியாற்றியிருந்தால் அப்பிள்ளைகளுக்கு எழுத்தே கிட்டியிராது. இருளில் ஒரே மெழுகுவர்த்திதான் உண்டெனில், காற்றடிப்பினும் அதை ஏற்றத்தான் வேண்டும். அத்தகையோரை வணங்குதல் தகும். ஆனால், அவருக்குத் துணையாய் இரண்டாமவர் ஏன் வரவில்லை என்ற கேள்வியை அவ்வணக்கம் மூடிவிடலாகாது.

மற்றொன்றும் உண்டு. முற்றும் எரிந்து தீரும் மெழுகுவர்த்தி தன்னை மட்டும் அழித்துக்கொள்வதில்லை. அடிவரை இறங்கிய சுடர் கண்ணாடிக் குவளையை வெடிக்கச் செய்யும், பிளாஸ்டிக் தட்டைப் பற்றும், மேசையைக் கருக்கும். அதனால்தான் பீங்கான் தட்டிலோ தகரத் தட்டிலோ நிறுத்தி, திரைச்சீலைக்கும் தாளுக்கும் எட்டாது வைத்து, அடியில் விரல் அகலம் மீந்திருக்கும்போதே அணைக்கச் சொல்வர். ஓய்வின்றிக் கருகிய ஆசிரியரின் சினம் யார்மேல் விழும்? முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைமேல்தான்.

மாசாயில் மின்சாரம் திரும்பும் அந்த நொடியை எண்ணிப் பார்க்கலாம். விசிறி சுழல்கின்றது, தொலைக்காட்சி பேசுகின்றது, எல்லாரும் ஆரவாரத்தோடு எழுந்து போகின்றனர். கூடத்தின் மூலையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டே இருக்கின்றது. விசிறிக் காற்றில் சாய்ந்து, ஒருபுறமாய் வழியத் தொடங்குகின்றது. விபத்துக்கு வழி திறப்பது இருளன்று, இந்த மறதியே. லயத்தில் வளர்ந்த பாட்டி மட்டும் திரும்பி வருகின்றாள். ஊதி அணைத்தால் மெழுகு தெறிக்கும் என்று அவளுக்குத் தெரியும். சிறு தகர மூடியொன்றை மேலே கவிழ்க்கின்றாள். புகை அடங்கி மெழுகு இறுகும்வரை நின்று, மீந்த துண்டைத் தீப்பெட்டியோடு சேர்த்து அலமாரியில் எடுத்து வைக்கின்றாள்.